அது யாருடைய யோசனை?

உங்களுக்கும் இது ஒரு முறையாவது நடந்திருக்கும்.

ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு யோசித்து, ஒரு நல்ல ஐடியாவோடு ஆபீஸுக்குப் போகிறீர்கள். காலை மீட்டிங்கில் சொல்கிறீர்கள். பாஸ் மோவாயைத் தடவிக்கொள்கிறார். பக்கத்து ஸீட்காரர் செல்போனை நோண்டுகிறார். சீனியர் ஒருவர், ‘இதெல்லாம் பத்து வருஷம் முன்னாடியே பாத்தாச்சுப்பா’ என்கிறார். அதற்குள் டீ வந்துவிடுகிறது. காலி டம்ளர்களோடு சேர்ந்து உங்கள் ஐடியாவும் வெளியே போய்விடுகிறது.

ஆறு மாதம் கழித்து அதே ஐடியாவை இன்னொருவர் சொல்கிறார். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். உங்களுக்கு எப்படி இருக்கும்?

‘நல்ல யோசனையாக இருந்தால் தானாக ஜெயிக்கும்’ என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அப்படியெல்லாம் இல்லை. வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் 1847-ல் இக்னாஸ் செம்மல்வைஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். பிரசவத்துக்கு வந்த பெண்கள் காய்ச்சல் கண்டு கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். பிணப் பரிசோதனை செய்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்க்க வருவதுதான் காரணம் என்று அவர் கண்டுபிடித்தார். குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவச் சொன்னார். ஏப்ரல் மாதம் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூனில் இரண்டாகக் குறைந்தது. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

ஆனாலும் பெரும்பாலான டாக்டர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ‘உங்கள் கையால்தான் அவர்கள் செத்தார்கள்’ என்று சொன்னால் எந்த டாக்டர் உடனே தலையாட்டுவார்? செம்மல்வைஸும் பொறுமையாக எடுத்துச் சொல்லவில்லை. கண்டுபிடித்ததைப் புத்தகமாகப் போடவே 1861 வரை ஆயிற்று. பிறகு எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்று திட்டிப் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். 1865-ல் ஒரு மனநலக் காப்பகத்தில் இறந்தபோது அவருக்கு வயது 47. அவர் சொன்னதை உலகம் ஏற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

ஆக, சரியாக இருப்பது மட்டும் போதாது. கூட வேலை செய்கிறவர்கள் கை தூக்க வேண்டும். அதற்கு என்ன வழி?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் தன் சுயசரிதையில் ஒரு வழி சொல்கிறார். 1731-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு நூலகம் தொடங்க வீடு வீடாகச் சந்தா கேட்டுப் போனார். ‘இது என் திட்டம்’ என்று சொன்னபோது யாரும் முகம் கொடுக்கவில்லை. நமக்குச் சமமாக இருக்கிறவன் நம் காசில் பெரிய மனிதனாகப் பார்க்கிறானே என்று ஒரு கடுப்பு. உடனே மனிதர் ரூட்டை மாற்றினார். ‘இது நண்பர்கள் சிலரின் திட்டம். என்னைக் கேட்டு வரச் சொன்னார்கள்’ என்றார். சந்தா சேர்ந்தது. அதற்குப் பிறகு எந்தப் பொதுக் காரியத்துக்கும் இதே டெக்னிக்தான். இன்று கொஞ்சம் பெயரை விட்டுக்கொடுத்தால் அது பின்னால் தாராளமாகத் திரும்பி வரும் என்பது அவர் கணக்கு.

மேனேஜ்மென்ட் வகுப்புகளிலும் இதைத்தான் வேறு வார்த்தையில் சொல்லித் தருகிறார்கள். ‘உன் ஐடியாவை அடுத்தவர் தன் ஐடியா என்று நினைக்கும்படி செய்.’

நான் செய்தேன். அந்தக் கதையை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

2000-களின் தொடக்கம். பி.காம். முடித்துவிட்டு, பேங்க் பரீட்சை எழுதுவதாக வீட்டில் சொல்லிவிட்டு, ஒரு நாளிதழில் சேர்ந்திருந்தேன். தென்காசியில் ஒரு மாடி அறை. அதுதான் ஆபீஸ். செய்திக்கு நான். விளம்பரத்துக்கு ஓர் அண்ணாச்சி. என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். குற்றாலத்தில் அவருக்குத் தெரியாத லாட்ஜ் ஓனர் கிடையாது. சிப்ஸ் கடைக்காரரும், எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்கிறவரும் அவரைப் பார்த்தால் எழுந்து நின்று பேசுவார்கள்.

குற்றாலம் சீஸன் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூனில் சாரல் விழ ஆரம்பித்தால் ஆகஸ்ட் வரை ஊர் ஜேஜே என்று இருக்கும். எனக்கு ஒரு யோசனை வந்தது. சீஸன் முடிகிற வரை தினம் ஒரு பக்கம். பேரருவியில் இன்று தண்ணீர் எவ்வளவு, ஐந்தருவியில் கூட்டம் எப்படி, ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுகிறதா, குளிக்கத் தடை உண்டா, லாட்ஜில் ரூம் வாடகை என்ன, கடைசி பஸ் எத்தனை மணிக்கு... அடியில் லாட்ஜ், ஹோட்டல் விளம்பரங்கள்.

திருநெல்வேலியில் நடந்த மீட்டிங்கில் சொன்னேன். மேலே இருந்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

“தம்பி, குளிக்க வர்றவன் பேப்பர் படிக்கவா வர்றான்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்வது?

அடுத்த வருடம், சீஸனுக்கு முன்னால், ஃப்ராங்க்ளின் வழியைப் பிடித்தேன். அண்ணாச்சியும் நானும் ஒரு ராத்திரி பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சால்னா ஊற்றிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தேன்.

“அண்ணாச்சி, போன சீஸன்ல நீங்க ஒண்ணு சொன்னீங்களே... லாட்ஜ்காரங்க விளம்பரத்தையெல்லாம் ஒரே பக்கத்துல போட்டு, கூடவே அருவி நிலவரமும் தினம் கொடுத்தா நல்லாயிருக்கும்னு. அதத்தான் யோசிச்சிக்கிட்டே இருக்கேன். எப்படி உங்களுக்கு அது தோணுச்சு?”

அவர் அப்படி எதுவும் சொல்லவே இல்லை.

பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்த கை ஒரு நிமிஷம் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நானா சொன்னேன்?”

“ஆமா அண்ணாச்சி. மழை பேஞ்சிக்கிட்டு இருந்துச்சே, அன்னைக்கு.”

“ம்ம்... சொல்லியிருப்பேன்” என்றார்.

அவ்வளவுதான். ஒரே வாரத்தில் அந்தப் பக்கம் அவருடைய பக்கமாகிவிட்டது. அடுத்த மீட்டிங்கில் அவரே எடுத்துச் சொன்னார். போன வருடம் சிரித்த அதே மனிதர், “பாத்தீங்களா, அனுபவம்னா இதுதான்” என்றார். நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். வள்ளுவரையும் துணைக்கு வைத்துக்கொண்டேன். குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யும் மெய்யின் இடத்தில் வைக்கப்படும் என்று அவரே சொல்லியிருக்கிறாரே! குறளில் ‘விளையுமானால்’ என்று ஒரு நிபந்தனை இருப்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

அண்ணாச்சி லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கி விளம்பரம் பிடித்தார். “பணம் சீஸன் முடிஞ்சு குடுங்க. நான் இருக்கேம்லா” என்று அவர் வாய்வார்த்தையில் மூன்று மாதத்துக்கு புக் ஆனது. கூடுதல் பிரதி அடித்தோம்.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது.

ஜூன் போனது. ஜூலையும் பாதி போனது. மேற்கே மலையைப் பார்த்தால் பளிச்சென்று வெயில். பேரருவியில், யாரோ மேலே உட்கார்ந்து துணி பிழிகிற மாதிரி தண்ணீர் சொட்டியது. நாங்கள் தினமும் பக்கம் போட்டோம். ‘இன்றும் தண்ணீர் குறைவு.’ ‘ஐந்தருவியில் ஓர் அருவி மட்டும்.’ ‘சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம்.’ செய்தியெல்லாம் சத்தியமான உண்மை. அதுதான் பிரச்னை. பேப்பரைப் படித்தவர்கள் வரவில்லை. மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் போன் செய்து ரூமை கேன்ஸல் செய்தார்கள். லாட்ஜ்காரர்கள் அண்ணாச்சியை வழிமறித்தார்கள். “எங்க துட்டுலயே எங்க வயித்துல அடிக்கீரு?”

ரிட்டர்ன் பேப்பர் கட்டுக்கட்டாக மாடிப்படியில் கிடந்தது. விளம்பரப் பணம் வரவில்லை. ஆகஸ்ட் மாத மீட்டிங். மேலே இருந்தவர் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டார்:

“இது யாருடைய யோசனை?”

ஐந்து விநாடி இருக்கும். அண்ணாச்சி எழுந்து நின்றார். “என் யோசனைதான் சார்” என்றார்.

நான் எதிரே இருந்த டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் விளிம்பில் ஓர் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. அது இன்னமும் ஞாபகம் இருக்கிறது.

அந்த வருடம் அவருக்கு இன்க்ரிமென்ட் இல்லை. வராத விளம்பரப் பணத்தில் ஒரு பகுதியை அவர் கமிஷனில் பிடித்தார்கள். அடுத்த வருடம் எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. பதவி உயர்வோடு.

இப்போது, பி.காம். படித்தவன் என்ற முறையில் ஒரு கணக்குப் பாடம். இரட்டைப் பதிவு முறையில், ஒரு கணக்கில் பற்று எழுதினால் இன்னொன்றில் வரவு எழுதியாக வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக வராவிட்டால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஆபீஸில் நாம் ‘கிரெடிட்’ என்ற சொல்லை மட்டும்தான் பேசுகிறோம். அவன் கிரெடிட்டை எடுத்துக்கொண்டான், எனக்குக் கிரெடிட் கிடைக்கவில்லை, நான் பெருந்தன்மையாகக் கிரெடிட்டை அவருக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன்... சரி, பற்று? அது யார் கணக்கில்?

நான் அண்ணாச்சிக்குப் பெயரைக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் கூடவே ஒரு கடன் பத்திரத்தையும் மடித்து அவர் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அவரிடம் சொல்லாமல்.

ஃப்ராங்க்ளினின் நூலகம் ஜெயித்தது. அதனால் அவர் டெக்னிக்கை நாம் பாராட்டுகிறோம். ஒருவேளை அந்த நூலகம் முதல் வருடமே மூடப்பட்டு, சந்தா கொடுத்தவர்கள் ‘எங்கே அந்த நண்பர்கள்?’ என்று கேட்டுக்கொண்டு வந்திருந்தால்? அந்தக் கேள்விக்கு ஃப்ராங்க்ளின் முன்னால் வந்து நின்றிருப்பாரா என்பதில்தான் அவர் செய்தது அடக்கமா, தந்திரமா என்பது இருக்கிறது. ஜெயிக்கிற வரை இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு வேலையாகத் தென்காசி போனேன். 2019-ல் தனி மாவட்டமாகிவிட்ட ஊர். எங்கள் மாடி ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அண்ணாச்சி ரிட்டயர் ஆகிவிட்டார். போன் செய்தேன். “கோயிலுக்கு வந்திரு. சாயங்காலம் அங்கதான் இருப்பேன்” என்றார்.

காசி விஸ்வநாதர் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். கோபுர வாசலில் நுழைந்தால் காற்று ஆளையே தள்ளும். அந்தக் காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கோயிலைக் கட்டியவர் 15-ஆம் நூற்றாண்டில் ஆண்ட அரிகேசரி பராக்கிரம பாண்டியன். மதுரை கைவிட்டுப்போய், தெற்கே ஒதுங்கி வந்துவிட்ட பாண்டிய வம்சம். எதுவும் நிலைக்காது என்று யாரும் சொல்லித்தர வேண்டாத நிலைமை. அவர் கோயிலைக் கட்டிவிட்டு, கல்வெட்டில் ஒரு பாட்டு வெட்டி வைத்தார். அதன் பொருள் இதுதான்: வரக்கூடாத குற்றம் ஏதாவது ஒருநாள் இந்தக் கோயிலுக்கு வந்துவிட்டால், அப்போது அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர் யாராக இருந்தாலும் சரி, உலகம் அறிய அவர்களைப் பணிகிறேன். இன்னொரு பாட்டில், இதைக் காக்கிறவர்களின் பாதத்தை என் தலைமேல் வைத்துக்கொள்கிறேன் என்கிறார்.

ஒரு ராஜா, இன்னும் பிறக்காதவர்களின் காலில் விழுகிறார்!

எனக்குத் தெரிந்து, ஒரு யோசனைக்கு ஆதரவு கேட்டு எழுதப்பட்ட விண்ணப்பங்களில் இதற்கு இணையானது இல்லை. ‘கோயிலை இடித்தால் நரகம்’ என்று பயமுறுத்தவில்லை. ‘என் ஐடியா, என் பெயரைக் காப்பாற்று’ என்று கேட்கவில்லை. குறை வரும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறார். சரிசெய்கிறவரைத் தனக்கு மேலே வைக்கிறார். இதனால் அவருக்கு என்ன லாபம்? ஃப்ராங்க்ளினுக்காவது விட்ட பெயர் திரும்பி வரும் என்ற நம்பிக்கை இருந்தது. இவர், யாரை வணங்குகிறாரோ அவரைப் பார்க்கக்கூடப் போவதில்லை. பதிலுக்கு எதையும் வாங்க முடியாத இடத்தில் செய்த வணக்கம் அது. அதனால்தான் அதைத் தந்திரம் என்று சொல்ல முடியவில்லை.

குறை வரத்தான் செய்தது. ராஜகோபுரம் பின்னாளில் நெருப்பில் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. அண்ணாச்சி வயதுக்காரர்கள் எல்லாம் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான். 1990-ல், பா. சிவந்தி ஆதித்தன் முன்நின்ற திருப்பணியில், ஒன்பது நிலையும் சுமார் 180 அடி உயரமுமாகக் கோபுரம் மறுபடி எழுந்து கும்பாபிஷேகம் நடந்தது. ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் கேட்டதற்குக் கை தூக்கினார்கள்!

அந்தக் கோபுரத்துக்குக் கீழேதான் அண்ணாச்சியிடம் சொன்னேன். பரோட்டாக் கடையிலிருந்து டீ டம்ளர் வரை. சொல்லி முடிக்கிற வரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சிரித்தார்.

“நான் அப்படிச் சொல்லலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்லா. எனக்கென்ன மறதியா?”

எனக்குப் பேச்சு வரவில்லை.

“யோசனை நல்லாயிருந்துச்சு. நீ சொன்னா நடக்காது, நான் சொன்னா நடக்கும். அதான் சொன்னேன்.”

“அப்புறம் மீட்டிங்ல ஏன் அண்ணாச்சி...?”

“நீயா எந்திரிப்பன்னு பாத்தேன். எந்திரிக்கல. சின்னப் பய, வேல போயிரும்னு பயந்திருப்ப. நமக்கென்ன, ஒரு இன்க்ரிமென்ட்தான.” கொஞ்ச நேரம் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரே ஒரு வருத்தம்தான் தம்பி. ‘அண்ணாச்சி, எனக்கு ஒரு யோசனை இருக்கு. நான் சொன்னா எடுபடாது. எனக்காவ நீங்க சொல்லுங்க’ன்னு நேரா கேட்டிருந்தாலும் நான் செஞ்சிருப்பேன். நீ கேக்கவே இல்லியே.”

இவ்வளவு வருடமாக நான் அவரை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தெரிந்தேதான் கை தூக்கியிருக்கிறார். நீங்களும் யோசித்துப் பாருங்கள். நம் சாமர்த்தியத்தால் ஜெயித்ததாக நினைக்கிற எத்தனை காரியங்கள், எதிரே இருந்தவர் நம் சாமர்த்தியத்தைக் கண்டுகொள்ளாத மாதிரி இருந்ததால் நடந்தவை?

மறுநாள் காலை குற்றாலத்தில் நடந்துகொண்டிருந்தபோது ரசிகமணி டி.கே.சி. ஞாபகம் வந்தது. 1882-ல் பிறந்து 1954-ல் மறைந்த டி.கே. சிதம்பரநாத முதலியார் பின்னாளில் குடியிருந்த ஊர் அது. ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்த ஊர். அதற்கு முன்பு திருநெல்வேலியில் அவர் வீட்டு முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் கூடுவார்கள். வட்டமான முற்றம் என்பதால் ‘வட்டத்தொட்டி’ என்றே பெயர். வட்டத்துக்கு ஏது தலைமை இருக்கை? ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தித் திரும்பத் திரும்பச் சொல்லி, தானும் ரசித்து மற்றவரையும் ரசிக்க வைப்பது அவர் வழி. கம்பன் பாடல்களில் பலவற்றை ‘இது கம்பன் எழுதியதே இல்லை’ என்று அவர் ஒதுக்கியபோது புலவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த முற்றத்தில் உட்கார்ந்தவர்களிடம் அவர் எதையும் ஒளித்து வைக்கவில்லை. ‘எனக்கு இது பிடித்திருக்கிறது, வாருங்கள், நீங்களும் பாருங்கள்’ என்று நேராகக் கூப்பிட்டார். அண்ணாச்சி என்னிடம் எதிர்பார்த்ததும் அந்தக் கூப்பாட்டைத்தான்.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்க முயற்சி செய்கிற சில விஷயங்களைச் சொல்கிறேன். உங்களுக்கும் உதவலாம்.

முதலாவது, யோசனையை முதன்முதலாக மீட்டிங்கில் அவிழ்க்காதீர்கள். அதனால் யாருக்குக் கூடுதல் வேலை விழுமோ, அவரிடம் முதலில் போங்கள். பாஸிடம் அப்புறம் போகலாம். உதவி வேண்டும் என்றால் உதவி என்றே கேளுங்கள். கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

இரண்டாவது, உங்கள் யோசனையின் ஓட்டைகளை நீங்களே முதலில் சொல்லுங்கள். அந்தப் பரோட்டா ராத்திரியில் நான் இழந்தது இதைத்தான். “அண்ணாச்சி, மழை ஏமாத்திட்டா என்ன பண்றது?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இருபது சீஸன் பார்த்த மனிதர், “விளம்பரத்த வாரா வாரம் புக் பண்ணுவோம். தண்ணி இல்லாத நாள்ல கோயில், சித்திர சபைன்னு வேற போடுவோம்” என்று அங்கேயே வழி சொல்லியிருப்பார். ஆனால் நான்தான் அதை அவருடைய ஐடியா என்று சொல்லிவிட்டேனே! அவருடைய ஐடியாவில் என்ன ஓட்டை என்று அவரிடமே எப்படிக் கேட்பது? பொய் சொன்னதில் பாவம் இருக்கட்டும். அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதை நானே தாழ்ப்பாள் போட்டு அடைத்துவிட்டேன்.

மூன்றாவது, பெயரைத் தாராளமாகப் பங்கு போடுங்கள். பழியைப் போடாதீர்கள். இன்று நான் ஒரு திட்டத்தை மெயிலில் எழுதும்போது, யோசனையில் பங்கு உள்ள எல்லோர் பெயரையும் போடுகிறேன். கடைசி வரியில், ‘இது சரியாக வராவிட்டால் என்னைக் கேளுங்கள்’ என்று என் பெயரை மட்டும் போடுகிறேன். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுக் கை தூக்கியவர்களை எனக்குத் தெரியும்.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். ‘என் ஐடியாவை என் மேனேஜர் திருடிக்கொள்கிறாரே, அவரையும் பராக்கிரம பாண்டியன் மாதிரி கும்பிடணுமா?’ வேண்டாம். கொடுப்பது வேறு, பிடுங்குவது வேறு. மீட்டிங்கில் ஒரு பெண் சொன்னதையே பத்து நிமிஷம் கழித்து ஓர் ஆண் சொல்லிக் கைதட்டு வாங்குவதை நானே பார்த்திருக்கிறேன். அங்கே அந்தப் பெண் அடக்கமாக இருக்க வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ‘இதை இவங்க அப்பவே சொன்னாங்களே’ என்று பக்கத்தில் இருப்பவர் வாய் திறக்க வேண்டும். வணங்கியவர் ராஜா என்பதை மறக்காதீர்கள். குனிய வேண்டியது மேலே இருப்பவர். கீழே இருக்கிறவரைக் குனியச் சொன்னால் அதற்கு வேறு பெயர்.

காமர்ஸில் ‘குட்வில்’ என்று ஒரு சமாசாரம் உண்டு. நல்லெண்ணத்தின் மதிப்பு. காசு கொடுத்து வாங்கிய குட்வில்லைத்தான் கணக்குப் புத்தகத்தில் சொத்தாகக் காட்டலாம். தானாகச் சம்பாதித்ததைக் காட்ட முடியாது, அதற்கு விலை போட வழி இல்லை என்று எங்கள் புரொஃபஸர் சொல்லித் தந்தார். அப்போது பரீட்சைக்காக நெட்டுருப் போட்டேன். அண்ணாச்சி எனக்குக் கொடுத்ததை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஊருக்குத் திரும்புகிற அன்று தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. கையில் ஒரு பையில் மங்குஸ்தான் பழம். பக்கத்தில் ஒரு பையன் செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். ‘குற்றாலம் அருவிகளில் இன்றைய நிலவரம்’ என்று யாரோ உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேரருவியில் தண்ணீர் இவ்வளவு, ஐந்தருவியில் கூட்டம் இவ்வளவு...

அண்ணாச்சி என் தோளைத் தட்டினார்.

“பாத்தியா? நம்ம யோசனையத்தான் இன்னைக்கு ஊரே செய்யுது.”

அவர் ‘உன் யோசனை’ என்று சொல்லவில்லை. ‘என் யோசனை’ என்றும் சொல்லவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.